ஸ்நோ டே பிள்ளைகளுக்கு, வேலை நமக்கு: அன்றைக்குப் பிள்ளையை யாரிடம் விடுவது?

விடியற்காலை ஐந்தே முக்கால். யன்னல் திரையின் ஓரத்தில் மங்கலாக ஒரு வெள்ளை தெரியும். ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் பிள்ளை வளர்க்கிற எவருக்கும் அந்த வெள்ளை போதும், இரவு நன்றாகக் கொட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் போன் அதிரும்: பள்ளி இல்லை. விஷயம் தெரிந்ததும் பிள்ளைகள் கட்டிலில் குதிப்பார்கள். நாம் அதே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, யாரைக் கூப்பிடலாம் என்று போனை உருட்டிக்கொண்டிருப்போம்.

இந்த வின்டரில் மட்டும் மூன்று பேர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். அதில் ஒருத்திக்குக் கனடாவில் இது முதல் பனி. "அக்கா, லீவு போடுறதா, அம்மாவைக் கூப்பிடுறதா, இல்லாட்டி பெரியவளை நம்பி விட்டிட்டுப் போறதா?" எங்கள் வீட்டில் ஆறு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பேர். நான் காலை எட்டரை முதல் ஐந்து வரை ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. இவருக்குப் பின்னேர ஷிப்ட், தொழிற்சாலையில். கீழே வருவதில் முக்கால்வாசி நாங்கள் பட்டு அறிந்தது.

முதலில், பள்ளி உண்மையிலேயே மூடியிருக்கிறதா?

"பள்ளி பஸ் ஓடாது" என்பது ஒரு செய்தி, "பள்ளி இல்லை" என்பது வேறு செய்தி. ரொறொன்ரோவில் பஸ் நிறுத்துவது அடிக்கடி நடக்கும், பள்ளியை முழுதாக மூடுவது அரிது. பஸ் ஓடாத நாளில் பள்ளி பெரும்பாலும் திறந்தே இருக்கும், நாமே கொண்டுபோய் விடலாம். காலையில் ஓடாத பஸ் பின்னேரமும் ஓடாது, ஆகையால் திரும்பக் கூட்டிவருவதும் நம் வேலைதான். ஒருமுறை நான் செய்தியைப் பாதித் தூக்கத்தில் படித்துவிட்டு லீவு சொல்லிவிட்டேன். ஒன்பது மணிக்கு யன்னலால் பார்த்தால் எதிர்வீட்டுப் பெடியன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கு நடந்து போகிறான்.

முழுதாக மூடினால் அது ஒரு நாளோடு முடியும் என்று நினைக்க வேண்டாம். 2022 ஜனவரி 17, கோவிட் ஆன்லைன் வகுப்பு முடிந்து பிள்ளைகள் நேரில் திரும்ப வேண்டிய திங்கட்கிழமை. அன்று அடித்த புயலில் டொன் வலி பார்க்வேயும் கார்டினர் நெடுஞ்சாலையுமே மூடப்பட்டன. பொதுப் பள்ளிகள் மறுநாளும் திறக்கவில்லை. 1999 ஜனவரியில் மேயர் மெல் லாஸ்ட்மன் பனி அள்ள இராணுவத்தைக் கூப்பிட்ட கதையைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். எந்த வழியைத் தேர்ந்தாலும், இரண்டாம் நாளும் அது தாங்குமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயம். பிள்ளையின் வயது. சம்பளம் மணிக்கணக்கா, நிரந்தரச் சம்பளமா. வேலை நம் மாகாணமான ஒன்ராறியோவின் சட்டத்தின் கீழ் வருகிறதா, மத்திய அரசின் சட்டத்தின் கீழ் வருகிறதா. பிள்ளையைப் பார்க்கிறவர் வந்துசேர வேண்டிய ரோடு எப்படி இருக்கிறது; நம் ரோட்டை மட்டும் பார்த்துவிட்டு இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஐந்தாவது, செலவு யார் தலையில் விழுகிறது. பணம் கொடுக்கவில்லை என்றால் செலவே இல்லை என்று நினைக்கிறோம். அம்மம்மாவின் முழங்கால், மனைவியின் லீவு, அயல்வீட்டு அன்ரியின் பொறுமை எல்லாமே செலவுதான்.

1. ஒருவர் லீவு போடுவது

ஒன்ராறியோவில் குடும்பப் பொறுப்பு விடுப்பு என்று ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம் ஆனவருக்கு ஓர் ஆண்டில் 3 நாள், சம்பளம் கிடையாது. பிள்ளை பார்க்கிறவர் திடீரென்று சுகமில்லை என்று சொல்வதை அவசர விஷயத்துக்கு உதாரணமாக அரசின் வழிகாட்டியே காட்டுகிறது. பள்ளி திடீரென்று மூடுவது அதற்குப் பக்கத்து வீடு. வேலையிடத்து ஒப்பந்தம் இதைவிட நல்ல விடுப்புத் தந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

இதில் ஒரு கொக்கி உண்டு. நாளின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தாலும் முதலாளி அதை முழு நாளாகக் கணக்கெழுதலாம். மத்தியானம் ஒரு மணிக்கு ஓடிவந்து இவரை வேலைக்கு அனுப்பினால் அரை நாள்தான் போனது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், தாளில் ஒரு நாள் போயிருக்கும். அரை நாள்தான் வேண்டுமென்றால், இந்த விடுப்பைத் தொடாமல் மேலாளரோடு கதைத்து, வேறொரு நாள் ஈடுசெய்வதாகக் கேட்பது நல்லது.

இன்னொன்று: மூன்று நாளும் ஜனவரி முதல் டிசம்பர் வரையான கணக்கு. ஒரே வின்டர், இரண்டு ஆண்டுக் கணக்கில் விழுகிறது. ஜனவரியில் கஞ்சத்தனமாக இருங்கள், பின்னால் பன்னிரண்டு மாதமும் பிள்ளையின் வாந்தியும் காய்ச்சலும் இருக்கின்றன. டிசம்பரில் மிச்சம் இருந்தால் யோசிக்காமல் எடுங்கள்.

வங்கி, விமான நிறுவனம், தொலைபேசி நிறுவனம், மாகாணம் கடந்து ஓடும் ட்ரக் போன்ற வேலைகள் கனடா தொழிற் சட்டத்தின் கீழ் வரும். அங்கே தனிப்பட்ட விடுப்பு ஆண்டுக்கு 5 நாள். மூன்று மாதம் வேலை செய்தவருக்கு அதில் முதல் 3 நாள் சம்பளத்தோடு. எங்கள் மச்சாள் வங்கியில் வேலை. அவளுடைய வேலை "பெரிய வேலை" என்று சொல்லி, பனி கொட்டிய நாளிலெல்லாம் மணிக்கூலிக்கு மெஷின் ஓட்டுகிற என் தம்பிதான் வீட்டில் நின்றான். சம்பளத்தோடு லீவு இருந்தவள் வேலைக்குப் போக, சம்பளம் இல்லாதவன் சம்பளத்தை இழந்தான். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கணக்குப் பார்த்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

2. வீட்டிலிருந்து வேலை

நான் அறிந்தவரை, அளவுக்கு மீறிப் புகழப்படுவது இதுதான். கேட்க நன்றாக இருக்கும்: பிள்ளையும் வீட்டில், நானும் வீட்டில், லீவும் போகவில்லை. ஆறு வயதுக்காரன் வெளியே பனியைப் பார்த்துவிட்டால் கதை முடிந்தது. உள்ளுக்கு ஒரு லெகின்ஸ், மேலே ஸ்நோ பான்ட், இரண்டு சோடி காலுறை, பூட்ஸ், ஜாக்கெட், கழுத்துக்குச் சால்வை, தொப்பி, கடைசியில் மிற்றன்ஸ். எல்லாம் போட்டு, மிற்றன்ஸின் நுனியை ஜாக்கெட் கைக்குள் செருகி, கதவுப் பிடியில் கை வைக்கும்போது "அம்மா, மூத்திரம்." திரும்ப அவ்வளவையும் கழற்ற வேண்டும். ஆயத்தத்துக்கு இருபது நிமிடம், வெளியே நின்றது பதினொரு நிமிடம். உள்ளே வந்தால் ஹீற்றர் மேல் காயப்போட்ட மிற்றன்ஸிலிருந்து தண்ணீர் சொட்ட, நான் கணினிக்கு முன்னால் மைக்கை அணைத்துக்கொண்டு "கேட்குதா, கேட்குதா" என்று நிற்கிறேன்.

அன்று செய்யாத வேலை எங்கும் போகாது, இரவு பதினொரு மணிக்கு நம்மோடு உட்காரும். வீட்டிலிருந்து வேலை செய்யக்கூடியவர் தாய் என்றால் வேறு கேள்வியே இல்லாமல் பிள்ளைகள் அவள் பொறுப்பாகிவிடுவார்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட, ஒரு படம் முடியும்வரை அடங்கி இருக்கிற பிள்ளை, "வெள்ளிக்கிழமைக்குள் முடித்தால் சரி" என்கிற வகை வேலை, இரண்டும் சேர்ந்தால் இது நல்ல வழி. நாள் முழுக்கத் தொலைபேசியில் வாடிக்கையாளரோடு கதைக்கிற வேலை என்றால் இதை ஒரு வழியாகவே எண்ண வேண்டாம்.

3. அம்மம்மா, அப்பப்பா

கைக்குழந்தையும் மூன்று நாலு வயதுப் பிள்ளையும் இருக்கிற வீட்டில் இதற்கு ஈடில்லை. தெரிந்த கை, தெரிந்த சோறு. புயல் இரண்டு நாள் நீண்டாலும் தாங்கும். ஒரே வீட்டில் இருந்தால் யோசிக்க எதுவும் இல்லை. நகரத்தின் மற்ற மூலையில் முதியோர் மாடிக் கட்டடத்தில் இருந்தால், முதல்நாள் இரவே கூட்டிவந்துவிட வேண்டும். காலையில் கூட்டிவரப் போனால் ஒன்றரை மணித்தியாலம் ரோட்டிலேயே போகும்.

சுப்பர் விசாவில், அதாவது பிள்ளைகளோடு நீண்ட காலம் தங்க விடுகிற விசாவில், வந்திருக்கிற பெற்றோர் என்றால் இன்னொரு கணக்கு. அவர்களுக்கு அரசின் மருத்துவக் காப்பீடு கிடையாது, குறைந்தது 100,000 டாலருக்குத் தனியார் காப்பீடு எடுத்துத்தான் வருகிறார்கள். பேரப்பிள்ளை கேட்டது என்று வாசல் படியில் இறங்கி ஐஸில் வழுக்கினால், இடுப்பு எலும்பு ஒருபுறம், காப்பீட்டுக்காரரோடு மல்லுக்கட்டுவது மறுபுறம். அம்மா பனி தள்ளக்கூடாது என்பதை வாயால் சொன்னால் போதாது. நாம் போனதும் "சும்மா இருக்கிறன்தானே" என்று ஷவலை எடுத்துவிடுவார். நான் ஷவலைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போகிறேன். படிக்கு முதல்நாள் இரவே உப்புத் தூவிவிடுவோம்.

அவருக்கும் அன்றைக்கு டொக்டரிடம் போகிற நாளாக இருக்கலாம், கோயில் நாளாக இருக்கலாம். பேரப்பிள்ளை என்றால் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஆகவே முதலில் கேளுங்கள், அதற்குப் பிறகு திட்டம் போடுங்கள்.

4. அன்ரி வீடு, அல்லது நாலு வீட்டுக் கூட்டு

டே கெயார் பள்ளிக் கட்டடத்துக்குள் இருந்தால், பள்ளியோடு அதுவும் பெரும்பாலும் மூடும். கட்டணம் திரும்பி வராது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அரசுத் திட்டத்தில் சேர்ந்த நிலையங்களில் நாளுக்கு உச்சம் 22 டாலர் என்பதால் அது பெரிதாக வலிக்காது. அதற்கு மேல் அன்றைக்கு வேறொருவருக்குக் கொடுக்கிற காசுதான் வலிக்கும்.

வீட்டில் பிள்ளை பார்க்கிற அன்ரிமார் ஸ்காபரோவிலும் பக்கத்து மார்க்கம் நகரத்திலும் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். அனுமதிப் பத்திரம் இல்லாதவர் 13 வயதுக்கு உட்பட்ட ஐந்து பிள்ளைகளுக்கு மேல் பார்க்கக்கூடாது. அதில் இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் மூன்றுக்கு மேல் கூடாது. நாலு வயதுக்குக் குறைந்த அவருடைய சொந்தப் பிள்ளையும் எண்ணிக்கையில் சேரும். ஸ்நோ டே அன்று எல்லாரும் அவருக்குத்தான் அடிப்பார்கள். வழக்கமான பிள்ளைகளுக்கே முதல் இடம். "பரவாயில்லை, ஏழெட்டுப் பேர் நிக்கட்டும்" என்கிற அன்ரியிடம் விடாதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

காசுக் கணக்கையும் பாருங்கள். ஒன்ராறியோவில் குறைந்தபட்சக் கூலி 2025 ஒக்டோபரிலிருந்து மணிக்கு 17.60 டாலர். எட்டு மணித்தியாலத்துக்கு 140.80, பிடிப்புக்கு முன்னால். பிள்ளை பார்ப்பவருக்கு மணிக்கு 15 டாலர் என்று வைத்து, போக்குவரத்தோடு பத்து மணித்தியாலம் என்றால் 150. வேலைக்குப் போனதற்காக நாம் காசு கொடுத்ததாக ஆகிறது. அந்த நாளில் லீவு போடுவதே லாபம், வேலை பறிபோகும் பயம் இல்லாவிட்டால். அன்ரிக்குக் கொடுத்த காசை வருமான வரியில் கழிக்கலாம். அதற்கு அவருடைய சமூகக் காப்புறுதி இலக்கத்தோடு ரசீது வேண்டும். ரசீது கேட்டால் முகம் கறுக்கிறவர்களும் உண்டு.

எனக்குப் பிடித்தது காசில்லாத கூட்டு: ஒரே தெருவில் இரண்டு மூன்று குடும்பம், முறை வைத்து ஒருவர் நிற்பது, மற்றவர்களின் பிள்ளைகள் அங்கே. இது நடக்க ஒரே நிபந்தனை, நடந்து போகிற தூரமாக இருக்க வேண்டும். கார் எடுக்க வேண்டிய கூட்டு, புயல் நாளில் கூட்டே இல்லை. யார் எத்தனை முறை நின்றார் என்று எழுதி வையுங்கள். எழுதாத இடத்தில் மூன்றாவது பனிக்கு மனஸ்தாபம் வரும்.

5. வீட்டில் தனியே விடுவது

"இத்தனை வயதானால் தனியே விடலாம்" என்று ஒன்ராறியோச் சட்டம் ஓர் எண்ணைச் சொல்லவில்லை. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை விட்டுப்போனால், சூழ்நிலைக்குத் தக்க மேற்பார்வைக்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. கனடிய செஞ்சிலுவைச் சங்கம் 9 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்குத் தனியே பத்திரமாக இருப்பது பற்றி ஒரு வகுப்பும், 11 முதல் 15 வரையானவர்களுக்குச் சிறுபிள்ளை பார்ப்பது பற்றி ஒரு வகுப்பும் நடத்துகிறது. தான் பத்திரமாக இருப்பதும் தம்பியைப் பார்ப்பதும் ஒரே தகுதி இல்லை என்பது அந்தப் பிரிப்பிலேயே தெரிகிறது. என் கணக்கில், பன்னிரண்டு வயது, அரை நாள், அதுவும் தனி ஒருவர் என்றால் சரி. பதினொரு வயதுக்காரியிடம் ஆறு வயதுத் தம்பியை ஒப்படைத்து நாள் முழுக்கப் போக எனக்கு மனம் வராது.

சாதாரண நாளைவிடப் பனி நாளில் ஆபத்து கூட. வீடு திரும்ப வழக்கமாக முக்கால் மணித்தியாலம் எடுக்கிற இடத்தில் அன்றைக்கு இரண்டரை எடுக்கும். மின்சாரம் போகலாம். வீட்டு வெளிச்சுவரில் இருக்கிற சூடாக்கியின் குழாய் வாயைப் பனி மூடினால் காபன் மொனொக்சைட் உள்ளே சேரும்; புறப்படும் முன் அதைத் துடைத்துவிட்டு, அலாரம் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். ரோட்டோரப் பனிக் குவியலில் குகை தோண்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பனி வாரும் வண்டிக்காரருக்கு உள்ளே இருக்கிற பிள்ளை தெரியாது.

6. ஆளுக்குப் பாதி

நாங்கள் கடைசியில் வந்து நின்ற இடம் இது. இவர் பிற்பகல் இரண்டே முக்காலுக்குப் புறப்பட வேண்டும், நான் ஐந்தே முக்காலுக்கு முன் வர முடியாது. ஓட்டை மூன்று மணித்தியாலம். பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிற அன்ரி அந்த மூன்று மணித்தியாலத்துக்கு மேலே வந்து நிற்கிறார். மூன்று மணித்தியாலம் உதவி கேட்பது எளிது, பத்து மணித்தியாலம் கேட்க நா கூசும்.

இதன் மறைவிலை களைப்பு. காலை முழுக்கப் பிள்ளைகளோடு ஓடிவிட்டு, எட்டு மணித்தியாலம் மெஷினுக்கு முன்னால் நிற்கப் போகிறார், அதுவும் பனியில் கார் ஓட்டி. ஒருநாள் அவ்வளவு பாடுபட்டுப் போனவரைப் புயலைக் காரணம் காட்டி ஒரு மணித்தியாலத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழக்கமாக மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்பவரைக் கூப்பிட்டுவிட்டு அதற்குள் அனுப்பினால் மூன்று மணிக்கூலி தர வேண்டும் என்று சட்டம் உண்டு. புயல், மின்வெட்டு போல முதலாளியின் கையில் இல்லாத காரணத்துக்கு அது பொருந்தாது. ஆகவே இப்போது புறப்படும் முன் ஷிப்ட் நடக்கிறதா என்று ஃபோர்மனுக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் காரைத் தொடுவார்.

பிள்ளையை வேலையிடத்துக்குக் கூட்டிப்போவதைத் தனி வழியாக நான் எண்ணவில்லை. சொந்தக் கடை, சிறிய அலுவலகம் என்றால் அரை நாள் சமாளிக்கலாம். தொழிற்சாலை, களஞ்சியம், மருத்துவமனை என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒரு பார்வையில்

| வழி | கைக்காசு | மறைவிலை | இரண்டாம் நாள் தாங்குமா | பொருந்துவது |
|---|---|---|---|---|
| லீவு | ஒரு நாள் சம்பளம். மத்திய சட்ட வேலையில் முதல் 3 நாள் இழப்பில்லை | ஆண்டின் மிச்சத்துக்கு லீவு இராது | தாங்கும், ஆனால் கையிருப்பு கரையும் | சின்னப் பிள்ளை, குறைந்த கூலி |
| வீட்டிலிருந்து வேலை | இல்லை | இரவு வேலை, தாயின் மேல் சுமை | மிகக் கடினம் | எட்டு வயதுக்கு மேல் |
| அம்மம்மா | இல்லை | விழும் ஆபத்து, காப்பீடு | நன்றாகத் தாங்கும் | கைக்குழந்தை உள்ள வீடு |
| அன்ரி | கூடுதல் | இடம் கிடைக்காது, ரசீது | அவரைப் பொறுத்தது | நல்ல சம்பளம், லீவு இல்லாத வேலை |
| தெருக் கூட்டு | இல்லை | நம் முறை வரும்போது ஒரு நாள் | தாங்கும் | நடக்கிற தூரத்தில் நட்பு |
| தனியே விடுவது | இல்லை | மனக்கவலை, திரும்பும் நேரம் | கூடாது | பன்னிரண்டுக்கு மேல், அரை நாள் |
| ஆளுக்குப் பாதி | சிறிது | களைப்பு | ஒருமுறை தாங்கும் | வேறு வேறு ஷிப்ட் |

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற, தனியே பிள்ளை வளர்க்கிற தாய்க்கு இந்த அட்டவணையில் பாதி வரி பொருந்தாது. அவளுடைய இடம் எந்தப் பனிக்கும் மூடாது. லீவு சொன்னால் இன்னொருத்தி இரட்டை ஷிப்ட் நிற்பாள். அப்படிப்பட்டவருக்கு நான் சொல்வது, தெருக் கூட்டை நவம்பரிலேயே அமைத்து, முறையைப் பனி இல்லாத நாட்களில் அடைத்துவிடுங்கள் என்பதுதான். சனிக்கிழமை மற்ற வீட்டுப் பிள்ளைகளை மூன்று மணித்தியாலம் வைத்திருந்தால், ஜனவரியில் ஒரு காலையில் அவள் கூசாமல் கேட்கலாம்.

கணவன் மனைவி இருவரும் காலை ஷிப்ட், ஊரில் உறவு யாரும் இல்லை, பிள்ளைக்கு ஐந்து வயது என்றால் சுற்றிவளைக்காமல் லீவைப் போடுங்கள். யாருடைய லீவுக்குச் சம்பளம் உண்டோ அவர் போடட்டும்.

முதல் வின்டர் பார்க்கிறவளுக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்று. நாளைக்குக் கொட்டும் என்று செய்தியில் சொன்னால், இரவு ஒன்பது மணிக்கே அன்ரிக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடு. விடிய ஐந்தே முக்காலுக்கு அவவுக்கு ஏற்கெனவே நாலு கோல் வந்திருக்கும்.